கைக்கு எட்டுகிற வீடு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் அலமாரியைப் பற்றிக் கேட்கிறார், ஒருவர் குளியலறை, ஒருவர் பத்திரம். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே விஷயத்தில் வந்து நிற்கிறது: வயசான பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருப்பது? சரி, இந்த மாதத்தை அதற்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே மெயில் சர்வீஸில், தபால் பிரிக்கிற வேலை பார்த்தவள். 1977-ல் சேர்ந்து 2013-ல் ஓய்வு பெற்றேன். அதே வருஷம் ஜூலையில் தந்தி சேவையும் ஓய்வு பெற்றது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மாலையாகப் போட்டிருக்கலாம் என்று ஆபீசில் கேலி செய்தார்கள். இப்போது வயது 72. திருவானைக்காவலில் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்.

கேள்வி: அம்மா, எனக்கு 66 வயது. கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. எங்கள் வீடு பெரியது. மாடியில் இரண்டு அறைகள், கீழே ஒன்று. மூன்றையும் பிள்ளைகள் வந்தால் தங்குவதற்கென்று பூட்டியே வைத்திருக்கிறேன். மகன் அமெரிக்காவில், மகள் புனேயில். வருஷத்துக்குப் பதினைந்து நாள் வருவார்கள். நான் கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுக்கிறேன். கீழறை நல்ல காற்றோட்டமானது, உள்ளேயே பாத்ரூம் இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொண்டால், "அம்மா நம் ரூமைக்கூட விட்டுவைக்கவில்லை" என்று மகள் நினைப்பாளோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: பதினைந்து போனால் மிச்சம் முந்நூற்று ஐம்பது நாள். அத்தனை நாளும் அந்த அறையில் யார் படுக்கிறார்கள்? பல்லி.

உங்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது, அம்மா. நானும் இதையே செய்தவள். இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது கிழக்குப் பார்த்த பெரிய அறையை பெங்களூரில் இருக்கிற மகனுக்கென்று ஒதுக்கினோம். புதுக் கட்டில், புது மெத்தை. மெத்தைமேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, அழுக்காகிவிடுமாம். நாங்கள் இருவரும் பின்பக்கத்துச் சின்ன அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தோம். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

ஒரு மே மாதம் மகன் குடும்பத்தோடு வந்தான். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து பார்த்தால் அவனும் பேரனும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். "ஏண்டா, ரூமில் படுக்கக் கூடாதா?" என்றேன். "அந்த ரூம் லாட்ஜ் மாதிரி இருக்கும்மா, இங்கேதான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றான். யாருக்காகப் பாதுகாத்தேனோ அவனுக்கே அது வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே அந்த உறையைக் கிழித்தேன். மூன்று வருஷ வெயிலில் முறுகிப்போய், அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் போட்டது. உள்ளேயிருந்து ஒரு கடை வாசனை வந்தது. மெத்தையை இரண்டு நாள் வெயிலில் காய வைத்துவிட்டு நாங்கள் குடி போனோம். விடிகாலை ஆறரைக்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து என் கால்மேல் விழுந்தபோது என்ன நினைத்தேன் தெரியுமா? மூன்று வருஷ வெயிலை வீணடித்துவிட்டோமே என்று. ஓய்வு பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் எது?

அதனால் கீழறைக்குப் போங்கள். மகளிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். "முழங்கால் சொல்பேச்சு கேட்பதில்லை, ராத்திரி இரண்டு தடவை எழ வேண்டியிருக்கிறது, பாத்ரூம் உள்ளேயே இருப்பது வசதி, அதனால் கீழறைக்கு மாறிவிட்டேன். நீ வந்தால் மாடியில் பெரிய அறையைத் துடைத்து வைக்கிறேன்" என்று போனில் சொல்லிவிட்டு, அப்புறம் பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால்தான் எதிர்முனையில் ஒரு விநாடி மௌனம் வரும். அந்த ஒரு விநாடியை வைத்து நீங்கள் ஒரு வாரம் தூங்க மாட்டீர்கள்.

மடக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிகிற உயரத்தில் நல்ல கட்டிலாகப் போடுங்கள். பாத்ரூம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்குகிற மாதிரி இருக்கட்டும். தலைமாட்டிலேயே ஒரு ஸ்விட்ச் வைத்துத் தரச் சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அரை நாள் வேலை. பக்கத்தில் ஒரு சின்ன மேஜை: தண்ணீர், டார்ச், கண்ணாடி, போன். வேறு எதையும் அதன்மேல் ஏறவிடாதீர்கள்.

மாடி அறைகளை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டால் போதும். காவிரிக்கரை ஊர், பூட்டிய அறையில் ஈரவாடை சீக்கிரம் ஏறும். கரையானும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அங்கே மகனின் பழைய இன்ஜினியரிங் புத்தகங்கள் இருந்தால் (நிச்சயம் இருக்கும், எல்லா வீட்டிலும் இருக்கிறது) அடுத்த தடவை வரும்போது அவனையே உட்கார வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 70. போன வருஷம் மனைவி தவறிவிட்டார். நாற்பத்து மூன்று வருஷத்தில் நான் சமையலறைக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டும். இப்போது காலையில் ஒரு காபி போட அரைமணி நேரம் ஆகிறது. எது எங்கே என்றே தெரியவில்லை. மகள் வந்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி டப்பாக்களில் போட்டு, பெயர் ஒட்டி, அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போதும் எதுவும் கிடைக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவும் மனசு வரவில்லை.
– வாசகர், சேலம்

பதில்: ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வராது, சார். அடுக்குவதைப் பற்றிச் சொல்ல வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எங்கள் முன்னால் நிற்கும் சார்ட்டிங் கேஸ், புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகள் உள்ள மரச்சட்டம். அரியலூர், அறந்தாங்கி என்று மேல் வரிசையிலிருந்து தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். மூத்த சார்ட்டர் ஒருவர் சிரித்துவிட்டார். "அகரவரிசை அகராதிக்கும்மா. இங்கே எந்த ஊருக்குத் தபால் ஜாஸ்தியோ அது உன் நெஞ்சுக்கு நேரே. என்றைக்கோ ஒரு கடிதம் வருகிற ஊர் மேலே ஓரத்தில்." முப்பத்தாறு வருஷம் சோறு போட்ட பாடம் அது. ஆறு மாதத்தில் கண் முகவரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய்க் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்துவிடும்.

உங்கள் மகளும் ஒரு வகையில் அகரவரிசை மாதிரிதான் அடுக்கியிருக்கிறார். அதாவது, பருப்பெல்லாம் ஒரு தட்டு, பொடியெல்லாம் ஒரு தட்டு, இனிப்பெல்லாம் ஒரு தட்டு. கடைக்கு அது சரி. காபி போடுகிறவருக்கு என்ன ஆகும்? காபித்தூள் பொடித் தட்டில், சர்க்கரை இனிப்புத் தட்டில், ஃபில்டர் பாத்திரத் தட்டில், ஸ்பூன் இழுப்பறையில். ஒரு காபிக்கு நாலு ஊர் சுற்ற வேண்டும். அரைமணி நேரம் ஆகாமல் என்ன செய்யும்?

ஒரு எவர்சில்வர் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃபில்டர், காபித்தூள் டப்பா, டப்பாவுக்குள்ளேயே ஒரு ஸ்பூன், சர்க்கரை, ஒரு டபரா-டம்ளர். அந்தத் தட்டு அடுப்புக்குப் பக்கத்தில், உங்கள் நெஞ்சுக்கு நேரான அலமாரித் தட்டில். பெரிய ஃபில்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு ஆளுக்குச் சின்ன ஃபில்டர் கடையில் கிடைக்கும். ராத்திரி படுக்கப் போகுமுன் மேல்பாகத்தில் தூளைப் போட்டு, குடை மாதிரி இருக்கிற அந்தத் தட்டால் லேசாக அழுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள். ரொம்ப அழுத்தினால் இறங்காது, அழுத்தாமல் விட்டால் தண்ணீராக ஓடிவிடும். அதற்கு ஒரு வாரம் பழக வேண்டும். காலையில் பால் காய்ச்சுவது மட்டும்தான் வேலை. இதே மாதிரி தாளிக்கிற சாமான் ஒரு இடம், சாதம் வைக்கிற சாமான் ஒரு இடம்.

அஞ்சறைப் பெட்டியை நம் பெண்கள் இப்படித்தான் வைத்திருந்தார்கள், யாரும் கவனிப்பதில்லை. பெயர் அஞ்சறை, உள்ளே பெரும்பாலும் ஏழு கிண்ணம். கடுகும் சீரகமும் மிளகும் ஒரே இனமா என்ன? எண்ணெய் காய்ந்ததும் அடுத்தடுத்துக் கை போகிற சாமான்கள், அவ்வளவுதான். என் பெட்டியில் நடுக்கிண்ணத்தில் கடுகு. உங்கள் மனைவியின் பெட்டி இன்னும் இருக்கிறதா? மகள் அதைக் காலி செய்து டப்பாக்களில் போட்டிருந்தால் எடுத்து மறுபடியும் நிரப்புங்கள்.

ஒரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. உங்கள் மனைவி வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும் என்று தோன்றும். அவர் தன் உயரத்துக்கு, தன் கைக்கு வைத்தார். உங்கள் கை வேறு. அவர் நாற்பத்து மூன்று வருஷத்தில் எத்தனை தடவை இடம் மாற்றியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் தண்ணீர் குடிக்க மட்டும் உள்ளே போனீர்களே. மன்னிக்கவும். என் வீட்டுக்காரரை நினைத்துச் சொல்லிவிட்டேன்.

எங்கும் சேராத பொருள்களுக்கு ஒரு இழுப்பறை வையுங்கள். தபால் துறையில் ஆர்.எல்.ஓ. என்று ஒரு அலுவலகம் உண்டு. பெறுநரையும் கண்டுபிடிக்க முடியாது, அனுப்பியவர் முகவரியும் இல்லை என்றால் கடிதம் அங்கே போகும். உறையைப் பிரித்து உள்ளே ஏதாவது துப்பு கிடைக்கிறதா என்று பார்க்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு. எங்கள் வீட்டிலும் டி.வி.க்குக் கீழ் இழுப்பறைக்குப் பெயர் ஆர்.எல்.ஓ. ஒற்றைத் திருகாணி, எந்த ரிமோட்டுக்கோ உரிய மூடி, ரப்பர் பேண்ட், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவி எல்லாம் அங்கே. மாதம் பிறந்ததும் ஒருமுறை கொட்டிப் பார்ப்போம். பாதிக்கு முகவரி கிடைத்துவிடும், கொஞ்சம் குப்பைக்குப் போகும். வீடு முழுக்கச் சிதறாமல் குழப்பத்துக்கும் ஒரு இடம் கொடுத்தாயிற்று.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அடுத்த தடவை வரும்போது நீங்களே ஒரு காபி போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். கோபம் வராது.

கேள்வி: பாத்ரூமில் இரண்டு தடவை வழுக்கிவிட்டது, அடி படவில்லை. மகன் சுவரில் கைப்பிடி அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி மாதிரி, வயசானவர்கள் வீடு மாதிரி ஆகிவிடாதா?
– வாசகி, மதுரை (வயது 69)

பதில்: வயசானவர்கள் வீடுதானே, தங்கச்சி!

2019-ல் நான் வழுக்கியபோது கைக்கு அகப்பட்டது துண்டு போடுகிற கம்பி. அதைப் பிடித்தேன், அதுவும் என்னோடு கூடவே வந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. முப்பத்தாறு வருஷம் தபால் பிரித்த கை, ஒரு ஸ்பூனைப் பிரிக்க முடியாமல் கிடந்தது. என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். அந்தப் பின்னலைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

துண்டுக் கம்பி ஆளைத் தாங்காது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். கைப்பிடி வேறு பொருள். டைல்ஸைத் துளைத்து உள்ளே செங்கல் சுவர் வரை ஸ்க்ரூ இறக்க வேண்டும். உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற ரப்பர் பிடிகளை விற்கிறார்கள், அவற்றை நம்பி உடம்பைத் தொங்கவிடாதீர்கள். மாட்டியதும் மகனையே தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. குளிக்க நாலு காலும் அகலமாக நிற்கிற ஸ்டூல். நின்றுகொண்டு குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும் என்பதெல்லாம் ஐம்பது வயசோடு சரி.

கொத்தனார் வீட்டுக்குள் இருக்கும்போதே கதவையும் பாருங்கள். பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கிற வகை இருக்கிறது. அதைப் போடுங்கள். அது கிடைக்கிற வரை தாழ் போடாமல் குளிக்கலாம், வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: மனைவிக்கு ஒழுங்கு ஒரு வியாதி ஆகிவிட்டது. பேப்பரைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தால் திரும்புவதற்குள் மடித்து உள்ளே போய்விடுகிறது. பாதி போட்ட குறுக்கெழுத்தோடு! கண்ணாடியை வைத்த இடத்தில் எடுக்க முடிவதில்லை. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் இப்படி ஆகிறார்களோ?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், சார். என் வீட்டுக்காரரும் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு "யார் இந்த மகாத்மா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு உடன்படிக்கை ஆனது. ஜன்னலோரச் சாய்வு நாற்காலியும் அதைச் சுற்றி இரண்டடியும் அவருடைய எல்லை. நாங்கள் அதற்கு மாஹே என்று பெயர் வைத்திருக்கிறோம். பழைய தபால்காரிக்கு வேறென்ன தோன்றும்? மாஹே இருப்பது கேரளத்துக்குள், பின்கோடு கேரள வரிசை, 673310. ஆனால் ஆட்சி புதுச்சேரியுடையது. அந்த மாதிரி, கூடம் என்னுடையது, மாஹே அவருடையது. அங்கே நாலு நாள் பேப்பர், வேர்க்கடலைத் தோல், மூடி தொலைந்த பேனா, மூன்று கண்ணாடி எது வேண்டுமானாலும் கிடக்கலாம். நான் துடைப்பத்தோடு எல்லையில் நின்று திரும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் அவரே காலி செய்து கொடுப்பார். எல்லை தாண்டி ஒரு பேப்பர் வந்தால் பறிமுதல்.

உங்கள் மனைவி எதற்கு இப்படி ஆனார் என்றும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். நான் வீட்டில் ஓயாமல் அடுக்கத் தொடங்கியது ஓய்வு பெற்ற அடுத்த மாதம். கைக்கு வேலை இல்லை. தூங்கினால் கனவில் கடிதம் பிரிப்பேன். அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்கினால்தான் அன்றைய நாள் போன மாதிரி இருக்கும். ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு டம்ளரைக் கீழே வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: மாமியார் காலத்துப் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, வெண்கலப் பானை, ஈயச்சொம்பு என்று பரண் நிறைய இருக்கிறது. தேய்க்க ஆளில்லை, எனக்குத் தெம்பில்லை. விற்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பரணில் இருப்பதை நீங்கள் வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது, பரண் வைத்திருக்கிறது.

ஆள் வைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்குங்கள். நீங்கள் ஏணியில் ஏறக் கூடாது, சத்தியம் செய்யுங்கள். தரையில் பரப்பிவிட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, "எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், நான் இருக்கும்போதே கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அண்டா நாத்தனார் மகளுடைய மாடியில் இப்போது அல்லிக்குளமாக இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சந்தோஷமாக இருந்தது.

எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு விளக்கு, ஒரு ஈயச்சொம்பு. விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கப் பத்து நிமிஷம் போதும். ஈயச்சொம்பில் ரசம் வைக்காமல் என்னால் இருக்க முடியாது. அது வெள்ளீயம். 232 டிகிரி வந்தால் உருகிவிடும், கேஸ் தீக்கு அது ஒன்றுமேயில்லை. உள்ளே ரசம் இருக்கிற வரைக்கும் பத்திரம். என் முதல் சொம்பில் ரசத்தை வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் சொம்பு இல்லை. பர்னர்மேல் பளபளவென்று வெள்ளித் தோசை மாதிரி ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் ரசத்தை வேறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, இறக்குகிற சமயத்தில் சொம்புக்கு மாற்றுகிறேன். மறதி வருகிற வயசில் அடுப்பில் ஈயம் வேண்டாம்.

கேள்வி: இருக்கும் ஒரே வீட்டை இப்போதே என் பெயருக்கு எழுதிவிடுங்கள், பிற்பாடு சிக்கல் வராது என்கிறான் மகன். நல்ல பையன்தான். எழுதலாமா?
– வாசகர், ஈரோடு (வயது 74)

பதில்: நான் வக்கீல் இல்லை, சார். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆனால் அவரிடம் போகுமுன் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

உயில் என்றால் நீங்கள் இருக்கிற வரை வீடு உங்களுடையது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. மகன் கேட்கிற மாதிரி இப்போதே எழுதிக் கொடுக்கிற செட்டில்மென்ட் பத்திரம் அப்படியல்ல. இன்றைக்கே கைமாறிவிடும். அப்புறம் மனசு மாறினால் நீங்களாக ரத்து செய்வது லேசில்லை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடைசி வரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, கவனிக்காமல் விட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததா என்று வாதாடத் தேவையில்லை. பாசத்தில் அதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் பிற்பாடு அலைகிறார்கள். எழுதுவதென்றே முடிவு செய்தால், நீங்களும், மனைவி இருந்தால் அவரும், ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கிற உரிமையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

என் சொந்தக் கருத்து? உயில். நல்ல பையன் என்றால் காத்திருப்பான்.

கேள்வி: கோயம்புத்தூர் பக்கம் முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறோம்.
– ஒரு தம்பதியர், சென்னை

பதில்: வாங்குமுன் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சாப்பாடு முதல் வாரம் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும், நாலாவது வாரம்தான் தெரியும். அப்புறம், ஒருவர் போய் ஒருவர் மட்டும் மிஞ்சினால் என்ன ஏற்பாடு, படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, மாதக் கட்டணம் எவ்வளவுக்கு ஒருமுறை ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதைக் கேட்டால் முகம் மாறுகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது, ஆன்ட்டி. பாட்டியோடு இருக்கிறேன். நாள் முழுக்க வீட்டிலேயே எதையாவது துடைத்து, மடித்து, எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறார். கேட்டால் "எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்" என்கிறார். உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்குப் போரடிக்காதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அடிக்கும், கண்ணு. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை நன்றாகவே அடிக்கும். அதற்கு முன்னால் பரவாயில்லை. இங்கே கோயிலில் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்மனாகவே சுவாமிக்குப் பூஜை செய்யப் போவார். அந்தச் சமயம்தான் எங்கள் வீட்டில் குக்கர் இறங்கும். சாப்பிட்டு, பாத்திரம் துலக்கி, வெற்றிலை போட்டால் இரண்டு. அப்புறம் மூன்றரை வரைக்கும் சுவர்க் கடிகாரமும் நானும்தான். யாராவது போன் பண்ண மாட்டார்களா என்று இருக்கும். பண்ணினால் எடுக்கச் சோம்பலாக இருக்கும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், அவர் மாஹேயில். ஜன்னலுக்கு வெளியே தெருவே கறுப்பு. எதிர் ஃபிளாட்டில் யாரோ எதிலோ இடித்துக்கொண்டு கத்துவது கேட்டது. நான் நகரவில்லை. இடது கையை நீட்டினேன், ஜன்னல் திண்டில் டார்ச். அதன் பக்கத்தில் மெழுகுவத்தி, அதன்மேல் தீப்பெட்டி. மூன்றும் கையில் வந்து உட்கார்ந்தன. இருட்டிலேயே "உங்கள் வலது கைப்பக்கம் ஸ்டூல்மேல் விசிறி இருக்கிறது" என்றேன். ஒரு விநாடி கழித்து விசிறிச் சத்தம் கேட்டது. தோசையைத் திருப்பிப் போட்டேன், கருகவில்லை. கரண்ட் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் ஆளுக்கு மூன்று தோசை சாப்பிட்டு முடித்திருந்தோம்.

உன் பாட்டி சொல்வது பொய்யா என்று எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் ஏழு மணிக்கு லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு அவரிடம் தீப்பெட்டி கேட்டுப் பாரேன்.

(கேள்வி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து உறையில் உங்கள் பின்கோடு எழுதுங்கள். இந்த மாதம் ஒன்பது பேர் எழுதவில்லை. கும்பகோணம் வாசகி, உங்களையும் சேர்த்துத்தான். 612001 என்று நானே பென்சிலில் எழுதி வைத்தேன். சேலத்துக்காரர் மட்டும் ஆறு எண்களையும் கட்டத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். அவருக்குச் சமையலறை சீக்கிரம் பிடிபட்டுவிடும்.)